கண் திறந்ததும் தேடுகிறான்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுறது. இங்க மூணு பேரும் ஏதோ நடமாடிட்டு இருக்கோம், நீயும் உடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கணும்னு நினைக்காத நாளில்ல. போன்ல பேசினா அழுகை வந்து பாதியிலயே நின்னுபோகுது, அதான் பேனாவை எடுத்தேன்.

தம்பிக்குப் போன வாரம் அச்சகத்துல வேலை பாக்கும்போதே வலிப்பு வந்துடுச்சு. பதறாதே, அடி எதுவும் படல. முதலாளியம்மா நல்லவங்க, வேலையை விட்டு நிறுத்தல, பேப்பர் வெட்டுற மெஷின் பக்கம் மட்டும் போகாதேன்னு அட்டை மடிக்க உக்கார வெச்சிருக்காங்க. மரபணுச் சோதனை முடிவும் வந்துது. நீ அன்னிக்கே சந்தேகப்பட்டதுதான். மூளையில ஒரு செல் துடிச்சதும் உள்ள இருக்கிற பொட்டாசியம் வெளிய போனாத்தான் அடங்குமாம், அது போற வழி இவனுக்குப் பிறவியிலேயே சரியா திறக்கலையாம், அதனால அடங்க வேண்டியது அடங்காம துடிச்சுகிட்டே இருக்குதாம். பொட்டாசியம்னு காதுல விழுந்ததுதான் தாமதம், உங்கப்பா கூடை கூடையா வாழைப்பழம் வாங்கிக் குவிச்சுட்டார். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க, பொட்டாசியம் குறைச்சலே இல்ல சார், அது போற வழிதான் கோளாறுன்னு. இப்ப வாழைப்பழத்தைக் கண்டாலே தம்பி ஓட்டம் பிடிக்கிறான்.

நீ கூப்பிட்டா அவன் ஏன் போனை எடுக்கறதில்லன்னு கேட்டியே, சொல்லிடறேன், கோவிச்சுக்காதே. எடுத்ததுமே எத்தனை தடவை வந்துச்சு, எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னுதான் கேக்கறியாம். அக்காவுக்கு என் வலிப்பு மேலதான் அக்கறை, என் மேல இல்லன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறான். அந்த வழியைத் திறக்கிற மருந்தோடதான் வாசப்படி மிதிப்பேன்னு பிடிவாதமா போனவ நீ, ஆறு வருஷம் ஆச்சு. உன் ஆராய்ச்சி பெருசுதான், யார் இல்லேன்னு சொன்னாங்க? ஆனா எனக்கு உன்னைப் பாக்கணும் போல இருக்கு, உன் கட்டில்ல துவைச்ச துணியைப் போடக்கூட மனசு வரமாட்டேங்குது.

இதுவரைக்கும் உன்கிட்ட சொல்லாத ஒண்ணு இருக்கு. வலிப்பு அடங்கி, யாரு என்னன்னு பிடிபடாம முழிப்பானே, அப்ப அவன் தேடறது என்னை இல்ல. அக்கா எங்கேன்னு அறையெல்லாம் கண்ணால துழாவறான். சின்ன வயசுல அவன் தலையைத் தாங்கிப் பிடிச்சது நீதானே. கடைக்குப் போயிருக்கா, இதோ வந்துடுவான்னு ஒவ்வொரு தடவையும் பொய் சொல்றேன். அவனும் நம்பி, வாசலைப் பாத்துகிட்டே தூங்கிப் போறான். தெளிஞ்சதும் அவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்கறதில்ல, எனக்கு இருக்கே.

மருந்து கிடைக்கும்போது கிடைக்கட்டும்டி. நீ வெறுங்கையோட வா.

நீண்ட ஆயுசோட, நினைச்சது கைகூடி நல்லா இரு கண்ணு. நேரத்துக்குச் சாப்பிடு. நாளைக்கே லீவு கேளு, மறந்துடாதே.

உன்னை எதிர்பார்த்திருக்கும்
அம்மா