இரண்டு டிக்

4 அக்டோபர் 2004, திங்கள்
ஆலையின் பழைய பம்பு ஷெட்டில் இன்றும் ஒரு பம்பின் பேரிங் சூடேறி நின்றுவிட்டது. கெட்டி கிரீஸ் போட வேண்டிய இடத்தில், புதிய ஷெட் பம்புக்கான இளக்கமான கிரீஸைப் போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்த தாளைப் பார்த்துத்தான் போட்டார்களாம். தாளை எடுத்தவன் என்னோடு வேலை செய்யும் பிராங்க்ளின். புரோகிராம் எழுதியவள் நான். மாதக் கடைசியில் எங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் கான்ட்ராக்ட் நீட்டிப்பு. இது தற்செயலா?

5 அக்டோபர்
என் கம்ப்யூட்டரில் 'பழைய ஷெட்' என்று டிக் செய்து பத்துத் தடவை எடுத்தேன். பத்தும் சரி. டாபிக் மேப்பில், அதாவது பம்புக் குறிப்புகளை இணைத்து வைத்திருக்கும் ஃபைலில், ஒவ்வொரு குறிப்போடும் அது எங்கே செல்லும் என்பதையும் கட்டி வைத்திருக்கிறேன் — அதுதான் ஸ்கோப். பழைய ஷெட் - தமிழ், பழைய ஷெட் - ஆங்கிலம், புதிய ஷெட் - தமிழ் என்று. பிறகு எப்படித் தவறும்? யாரோ கை வைத்தால்தான்.

8 அக்டோபர்
கேட்டேவிட்டேன். "பழைய ஷெட், தமிழ், ரெண்டுலயும் டிக் போட்டுத்தாங்க எடுத்தேன். ஃபிட்டருங்க தமிழ்லதான படிக்கிறாங்க" என்றான் பிராங்க்ளின். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

12 அக்டோபர்
டாபிக் மேப் ஃபைலைக் கடைசியாக மாற்றிய தேதி, நான் மாற்றிய தேதிதான். தேதியைத் திருத்தி வைக்கத் தெரியாதவனா அவன்?

19 அக்டோபர்
இன்னொரு பம்பு. மேனேஜர் அறிவழகன் சார் கூப்பிட்டார். பிராங்க்ளின் மேல் சந்தேகம் என்றேன். "எழுதிக் குடுங்க" என்றார். கொடுத்துவிட்டேன். டிசம்பரில் அவன் மனைவிக்குப் பிரசவம். அதற்கு நான் என்ன செய்வது?

29 அக்டோபர்
நீட்டிப்பு எனக்கு. பிராங்க்ளின் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நெல்லிக்குப்பம் பஸ்ஸுக்குக் கிளம்பினான். "நான் எதையும் மாத்தலைங்க" என்றான். போகும்போதும் நடிப்பு.

2 நவம்பர்
ஃபிட்டர் சிங்காரவேலு வந்தார். "தமிழ்ல எடுத்துக் குடும்மா, இங்கிலீசு யாரு படிக்கிறது" என்றார். பழைய ஷெட், தமிழ் — இரண்டிலும் டிக் போட்டேன். மேலே வந்து நின்றது புதிய ஷெட் கிரீஸ்.

அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. வேறு யார் கை வைத்தது?

ஐயோ. நான் எழுதிய தேடலுக்கு, டிக் செய்ததில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். 'தமிழ்' பொருந்தியதால் புதிய ஷெட் குறிப்பும் உள்ளே வந்துவிட்டது. கடைசியாகச் சேர்த்தது என்பதால் முதலில் நிற்கிறது; முதலில் நிற்பதுதான் தாளில் அச்சாகிறது. இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டியவள் நான். சோம்பல்பட்டு ஒரு டிக்கோடு சோதித்துப் பார்த்தவளும் நான்தான். அவன் ஒழுங்காக வேலை செய்ததனால் மாட்டிக்கொண்டான்.

3 நவம்பர்
ஒரே வரி. மாற்றிவிட்டேன். சார் ரூம் வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். நாளைக்குச் சொல்லலாம்.

17 நவம்பர்
அறிவழகன் சாரே என் மேஜைக்கு வந்தார். "இப்பல்லாம் தாள் சரியா வருதாமே?"

"ஆமா சார். பிராங்க்ளின் போனதுலேருந்து ஒரு தப்பும் வரலை" என்றேன்.