நான் அழித்த பதினொரு வரிகள்

இன்று காலை கிடங்கில் ஒரு மருந்துப் பெட்டியைப் பிரித்தேன். மழையில் நனைந்து அதன் அடிப்பக்கம் ஊறிப்போயிருந்தது. அந்த ஈர அட்டை வாசனை வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. பொன்முடி மலை ஏறும் வேனின் பின்பக்கத்தில், மடியில் பெட்டிகளை வைத்துக்கொண்டு நாம் இருவரும் குலுங்கிக் குலுங்கிப் போன நாள் நினைவுக்கு வந்தது. நீ கண்ணை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன்னோடு பேசவேண்டும் போலிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

சப்ளை செயின் மேனேஜ்மென்டும் தகவல் அமைப்புகளும் சேர்ந்த அந்த முதுகலை வகுப்பில், அத்தனை மலையாளிகளுக்கு நடுவே, தமிழ் பேசுகிறவர்கள் நாம் இரண்டே பேர். நான் சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்தக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். நீ தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவள். முதல் நாளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீ பேசுறதுல பாதி மலையாளமால்லா இருக்கு" என்று சிரித்தாய். "உன்னோடது மட்டும் என்னவாம்?" என்றேன். அன்றிலிருந்து ஒரே பெஞ்சு.

எனக்குக் கணக்கு வரும். உனக்குக் கேள்வி வரும். பேராசிரியர் பலகையில் கிடங்கிலிருந்து கடைக்கு அம்புக்குறி போட்டால் நீ கையைத் தூக்குவாய். "சார், அந்த அம்புக்குறி போய்ச்சேர எத்தனை நாளாகும்?" வகுப்பே சிரிக்கும். நீயும் சேர்ந்து சிரிப்பாய். ஆனால் பதில் வரும்வரை கையை இறக்கமாட்டாய்.

கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு ஒரு மருந்து விநியோக நிறுவனம் தன் விவரங்களைத் தந்தது. கிராமத்து டிஸ்பென்சரிகளுக்கு மருந்து போய்ச்சேர எத்தனை நாள் ஆகிறது என்று நாம் கணக்கிட வேண்டும். உங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியும் அதில் ஒன்று. கணினி மாடலைச் செய்தது நான். எல்லாம் அழகாகப் பொருந்தியது, விவரப் பட்டியலில் பதினொரு வரிகளைத் தவிர. அவற்றில், அன்றே மருந்து சேர்ந்துவிட்டதாக நிறுவனத்தின் கணினி சொன்னது. நான்கைந்து நாள் கழித்துத்தான் வந்ததாக டிஸ்பென்சரி ரெஜிஸ்டர் சொன்னது. நர்ஸ் தேதியைத் தப்பாக எழுதியிருப்பார் என்று நானே முடிவு செய்து, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த வரிகளை அழித்தேன். முதல் வரைவைப் பார்த்த பேராசிரியருக்கு அவ்வளவு சந்தோஷம்.

நூலகத்துக்கு வெளியே உட்கார்ந்து நீ அதைப் படித்தாய்.

"ஏட்டி, பதினொரு வரி குறையுதே?"

"அது தப்பான என்ட்ரி. எடுத்துட்டேன்."

நீ வரைவை மடியில் வைத்தாய். பிறகு மெதுவாகச் சொன்னாய்: "அந்தப் பதினொண்ணும் எங்க டிஸ்பென்சரி. அதுல ஒரு தடவை இன்ஹேலர் இல்லாம எங்கம்மா மூணு நாளு மூச்சு வாங்கிக்கிட்டுக் கிடந்தா. நான் பக்கத்துல இருந்தேன். அதுவும் தப்பான என்ட்ரியா?"

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். பேராசிரியரிடம் சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். நீ சொல்லவில்லை. மறுநாள் உன் போன் வந்தது. "நாளைக்கு ஏழு மணி பஸ்ஸுக்கு வா. சீட்டு பிடிச்சு வைக்கேன்."

மலையடிவாரத்தில் இறங்கி, மருந்து வேனுக்காகக் காத்திருந்தோம். நல்ல மழை. வேன் வந்தது. டிரைவர் பெட்டிகளை ஒரு கடை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, போனை எடுத்து 'டெலிவர்டு' என்று ஒரு தட்டுத் தட்டினார்.

"சேட்டா, இது மேல போகலையே?" என்றாய்.

"மழயத்து வண்டி கேறில்ல மோளே. இதை அமுக்கலேன்னா ஆபீஸ்ல திட்டு விழும்" என்றார் அவர். மழையில் வண்டி மலை ஏறாதாம்; மழை விட்டதும் மேலே போகிற யாராவது எடுத்துப் போவார்களாம். அதற்கு எத்தனை நாளாகும் என்பது அவருக்கும் தெரியாது, கணினிக்கும் தெரியாது.

நீ அவரை விடவில்லை. டீ வாங்கிக் கொடுத்தாய், உன் அம்மாவைப் பற்றிச் சொன்னாய், மழை கொஞ்சம் தணிந்ததும் வண்டியைக் கிளப்ப வைத்துவிட்டாய். மேலே டிஸ்பென்சரியில் நர்ஸ் நம் கையிலிருந்து பெட்டிகளை வாங்கி எண்ணிப் பார்த்து, ரெஜிஸ்டரில் தேதியோடு மணியையும் எழுதினார். நான் தப்பென்று அழித்தது இவருடைய கையெழுத்தைத்தான். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பதினொரு வரிகளையும் திரும்பச் சேர்த்தோம். மாடல் குலைந்தது. மருந்து கைக்கு வந்ததை நர்ஸ் போனில் உறுதிசெய்தால்தான் கணினி அதைச் சேர்ந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினோம். மதிப்பெண் குறையும் என்றார் பேராசிரியர். "போனா போட்டும்" என்றாய்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டு வரைவுகளையும் அருகருகே வைத்திருந்தார். "முதல் வரைவில் பதினொரு வரிகள் இல்லையே, யார் எடுத்தது?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"முதல்ல எங்களுக்குப் புரியல சார். நேர்ல போய்ப் பார்த்த பிறகுதான் புரிஞ்சது" என்று மலையாளத்தில் நீ சொன்னாய். 'எங்களுக்கு' என்றாய். அவர் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

மதிப்பெண் சுமார்தான். ஆனால் சில மாதங்களில் அந்த நிறுவனம் நாம் எழுதிய மாற்றத்தைச் செய்தது. நீ போனில் கத்திய கத்தலில் எங்கள் கடையில் அரிசி வாங்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நோய் வந்து நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மத்தியானம் கேட்டேன், வைவாவில் ஏன் 'எங்களுக்கு' என்று சொன்னாய் என்று. "ரிப்போர்ட்டுல ரெண்டு பேரு பேரும்தானே இருந்துச்சு? பின்ன?" என்றாய். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை என்பதுபோல, சாத்துக்குடியை உரிக்கச் சொன்னாய்.

இப்போது இந்தக் கிடங்கில் என்னோடு எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். ஏதாவது தவறிப்போய், மீட்டிங்கில் யார் செய்தது என்று கேள்வி வரும்போது ஒருவர் தலை குனிவதை நான் பார்த்துவிடுகிறேன். உடனே, "எங்களுக்குத்தான் புரியல, சரி பண்றோம்" என்று நான் சொல்லிவிடுகிறேன். யோசித்துச் சொல்வதில்லை, தானாக வருகிறது. சொல்லிவிட்டு வெளியே வரும்போது பயமாக இல்லை. மனசு லேசாக இருக்கிறது.