படிக்கட்டு முறை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உயிரோடும் சண்டையோடும் இருக்கிறோம். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை உன் அப்பாவுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து ஆளே பாதியாகிவிட்டார். வாய் மட்டும் குறையவில்லை.

நீ முதியோர் இல்லத்துக்கு எழுதிப் போட்டாயே, பதில் வந்துவிட்டது. வியாழக்கிழமை அங்கிருந்து ஓர் அம்மா வந்து உன் அப்பாவைப் பரிசோதிப்பாராம். தானே சமாளிப்பவர், துணையோடு சமாளிப்பவர், சமாளிக்க முடியாதவர் என்று மூன்று பிரிவாம். மூன்றாவதில் சேர்த்தால் உடனே இடம் கிடைக்கும் என்று போனில் சொன்னாய். பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கின மாதிரி சந்தோஷமாகச் சொன்னாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே நடந்ததைக் கேள். நம் கட்டடத்தில் வாரம் ஒரு வீட்டார் படிக்கட்டைக் கூட்ட வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் பச்சை அட்டை தொங்கும். சங்கச் செயலாளர் நல்ல மனிதர். நம்மேல் இரக்கப்பட்டு, இந்த வீட்டுக்கு விலக்கு என்று வெள்ளை அட்டையை மாட்டிவிட்டுப் போனார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். உன் அப்பா அதோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

பிறகு ஒருநாள் காலையில் ஆளைக் காணோம். பதறிப்போய் வெளியே ஓடினால், எதிர்வீட்டு நர்ஸம்மாவின் பச்சை அட்டையைக் கழற்றி நம் கதவில் மாட்டிவிட்டு, மனிதர் படியில் உட்கார்ந்திருக்கிறார். இடது கையில் துடைப்பம். ஒரு படியைப் பெருக்குவது, உட்கார்ந்தபடியே நகர்ந்து அடுத்த படிக்கு இறங்குவது. கீழே போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். செயலாளர் கெஞ்சிப் பார்த்தார். வேண்டுமானால் அட்டை திருடினேன் என்று கேஸ் போடுங்கள் என்றார் உன் அப்பா.

உள்ளதைச் சொல்கிறேன், அவர் கூட்டியது சுத்தமாக இல்லை. மூலையெல்லாம் தூசி அப்படியே கிடந்தது. அவர் கண்ணயர்ந்ததும் நான் போய் மறுபடி கூட்டினேன். மறுநாள் சாப்பிடும்போது தலை நிமிராமல் சொன்னார்: "நீ மறுபடி கூட்டினது எனக்குத் தெரியும். கூட்டிக்கோ. ஆனா என் முறைன்னு ஒண்ணு இல்லேன்னா, இந்த வீட்டுக்கே நான் விருந்தாளி ஆயிடுவேன்."

உன் கவலை எனக்குத் தெரியாமலில்லை. அவரைத் தூக்கி உட்காரவைத்தே என் இடுப்பு போய்விட்டது. நானும் விழுந்தால் என்ன கதி என்று நீ அங்கே தூங்காமல் கிடக்கிறாய். அப்பா உழைத்தது போதும் என்கிறாய். காலமெல்லாம் பஸ் ஓட்டினவருக்கு ஓய்வு வேண்டியதுதான், யார் இல்லையென்றது? ஆனால் ஓய்வு வேறே, ஆளையே ஓரங்கட்டுவது வேறே. ஒத்தாசைக்கு ஓர் ஆள் வைத்துக் கொடு, வேண்டாமென்று சொல்ல மாட்டேன். இல்லம் மட்டும் வேண்டாமப்பா. எழுதிப் போட்டதை நீயே திரும்ப வாங்கிக்கொள்.

செயலாளரிடமும் பேசிவிட்டேன். இந்த வாரம் முறைப்படியே நமக்குப் பச்சை அட்டை வந்திருக்கிறது. வியாழக்கிழமை அந்த அம்மா வரும்போது உன் அப்பா படியில்தான் இருப்பார். அவரை நான் உள்ளே கூப்பிட மாட்டேன். அந்த அம்மாவும் சுற்றிக்கொண்டு வரட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உனக்கும் நரைத்து, கை நடுங்குகிற காலம் வரும். அப்போதும் யாராவது ஒருவர் உன்னிடம் ஒரு வேலை சொல்லும்படி நீ நல்லா இருக்கணும், கண்ணு.

உன் அம்மா