ஏழாவது மாடிக் கணக்கு

ஜூன் 4

விடைத்தாள் திருத்தி முதுகு கழன்றுவிட்டது. 'இருபது மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொடும்போது அதன் வேகம் என்ன?' என்று கேட்டால், ஒரு புண்ணியவான் 'ரொம்ப வேகம்' என்று எழுதியிருக்கிறான். அரை மதிப்பெண் போட்டேன். பொய் சொல்லவில்லையே! வருஷா வருஷம் இருபது மீட்டர்தான் கேட்கிறேன். ஈர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று வைத்துக்கொண்டால் வர்க்கமூலம் முழு எண்ணாக வரும். சோம்பேறி வாத்தியாருக்கென்றே அளந்த உயரம்.

வேதியியல் டீச்சர் மறுபடி தலைக்குச் சாயம் பூசியிருக்கிறார். கத்தரிக்காய் நிறம். கேட்டால் 'இயற்கை' என்கிறார்.

ஜூன் 7

தங்கை புருஷன் போய்விட்டார். அலுவலகக் கட்டடத்துக் கண்ணாடி துடைக்கையில், ஏழாவது மாடியிலிருந்து. கயிறு மாட்டியிருந்த கொக்கி பிடுங்கிக்கொண்டதாம்.

ஜூன் 12

தங்கையை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். இன்னும் அழவில்லை. தூக்கமும் இல்லை. "வாய்விட்டு அழுதுட்டா தேவலைங்க, பயமா இருக்கு" என்கிறாள் மனைவி. நானும் என் பங்குக்கு இரண்டு ஜோக் அடித்துப் பார்த்தேன். மனைவி முறைத்த முறைப்பில் மூன்றாவது தொண்டையிலேயே செத்தது.

சாயங்காலம் தங்கை தானாகவே வந்தாள். "அண்ணா, நீ பிசிக்ஸ் வாத்தியார்தானே. அங்கேருந்து கீழ வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை வினாடிகூட ஆகாதும்மா. கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள."

பள்ளியில் கணக்கில் மூன்று தடவை கோட்டைவிட்டவள். நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஏழாவது மாடிக்கு உயரம் விசாரித்தேன். இருபது மீட்டர். ஏண்டா பாவி, ஊரில் உனக்கு வேறு உயரமே கிடைக்கலையா?

ஜூன் 15

கீழ்வீட்டு அம்மா கதவை இடித்தார். "சார், மேலேருந்து உருளைக்கிழங்கா விழுதே, உங்க வீட்ல யாருக்கு என்ன ஆச்சு?"

ஓடினேன். மொட்டைமாடியில் தங்கை. ஒரு கையில் கூடை, ஒரு கையில் செல்போன். ஸ்டாப்வாட்ச் ஓடுகிறது.

"மூணு மாடி வீட்டுக்கே ஒண்ணரை வினாடி ஆகுது. ஏழு மாடிக்கு அரை வினாடியா? யாருகிட்ட கதை விடுற?"

உட்கார்ந்து ஒழுங்காகப் போட்டுக் காட்டினேன். வேகத்தின் வர்க்கம், இரண்டு பெருக்கல் பத்து பெருக்கல் இருபது. நானூறு. ஆக வேகம் வினாடிக்கு இருபது மீட்டர். அதைப் பத்தால் வகுத்தால் நேரம்.

"ரெண்டு வினாடியா?"

"ஆமாம்மா."

"அப்ப என்னை நினைச்சிருப்பாருல்ல?"

நான் குறைக்கப் பார்த்ததைத்தான் இவள் இத்தனை நாளாகக் கூட்டித் தரச் சொல்லியிருக்கிறாள். எனக்கெங்கே புரிந்தது? தலையை மட்டும் ஆட்டினேன்.

"அந்த வேகம், வண்டியில போனா எவ்வளவு?"

"மணிக்கு எழுபத்திரண்டு கிலோமீட்டர்."

"நாப்பதைத் தாண்டினதே இல்லண்ணா அவரு... நான் திட்டுவேன், பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான்னு..."

அப்புறம்தான் அழுதாள். கீழ்வீட்டு அம்மா பொறுக்கியெடுத்த கிழங்கோடு படியேறி வந்தவர், அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

ஜூன் 16

தங்கை தூங்குகிறாள். காலையிலிருந்து. மனைவி மிக்சியைக்கூடப் போடவில்லை.

எனக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. நாற்காலியில் கண்ணை மூடி இரண்டு வினாடி இருந்து பார்க்கிறேன். திரும்பவும் பார்க்கிறேன்.

எவ்வளவு நீளம்!