நான் தைத்த லைஃப் ஜாக்கெட்டுகளைச் சனிக்கிழமைக்குள் பறிமுதல் செய்யக் கோரி

அனுப்புநர்:
சோபா, மெத்தை தைக்கும் கடைக்காரி
(மெத்தையக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும்),
ஏரிப் படகு இல்லத்துக்கு எதிர்க்கடை.

பெறுநர்:
நீர்நிலைப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: உல்லாசப் படகுகளில் உள்ள முப்பத்தாறு லைஃப் ஜாக்கெட்டுகள் தண்ணீரில் மூழ்குவது குறித்து, தைத்தவளே தரும் புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்தப் புகாரில் முதல் குற்றவாளி நான்தான். சென்ற மாதம், தங்கள் துறையின் சோதனைக்கு நான்கு நாள் முன்பு, படகு இல்ல மேலாளர் முப்பத்தாறு பழைய ஜாக்கெட்டுகளை என் கடையில் இறக்கினார். துணி கிழிந்து, உள்ளே இருந்த மிதவைத் தகடுகள் நொறுங்கிக் கிடந்தன. பார்வைக்குப் புதிதாக இருந்தால் போதும் என்றார்.

2. இருபத்திரண்டு வருடமாக சோபா தைப்பவள் நான். அமுக்கினால் மெத்தென்று எழும்ப வேண்டும். எனக்குத் தெரிந்த நல்ல வேலை அதுதான். தகட்டுத் தூளைக் கொட்டிவிட்டு, சோபாவுக்கு வைக்கும் ஸ்பாஞ்சை வெட்டித் திணித்தேன். ஸ்பாஞ்சு தண்ணீர் குடிக்கும் என்பது தினமும் அதாலேயே பாத்திரம் தேய்க்கும் எனக்கு அன்று புத்தியில் உறைக்கவில்லை. தங்கள் ஆய்வாளர் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்து, தையலைப் பாராட்டிக் கையெழுத்திட்டாராம். அதைக் கேட்டு நானும் பூரித்துப்போனேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

3. கடந்த திங்களன்று ஒரு ஜாக்கெட்டில் எண்ணெய்க் கறை என்று துவைக்க அனுப்பினார்கள். வாளியில் ஊறப்போட்டேன். முதலில் மிதந்தது. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து பார்த்தால் அடியில் கிடந்தது. தூக்கினால் ஈரச் சாக்கின் கனம். இதை மாட்டி, வாரை இறுக்கி, நீந்தத் தெரியாத ஒருவர் விழுந்தால்?

4. சொட்டச் சொட்ட அதை எடுத்துக்கொண்டு படகு இல்லத்துக்கு ஓடினேன். அதிகாரியே கையெழுத்துப் போட்ட பிறகு சொல்ல நீ யார் என்றார் மேலாளர். விழுந்தவர் பிடித்துக்கொள்ள வீசும் வளையம் அங்கே சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறது, கயிறு இல்லை. வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டுபவர்களுக்கு, ஆள் விழுந்தால் எஞ்சினை அணைக்க வேண்டும் என்றுகூட யாரும் சொல்லித் தருவதில்லை.

5. வரும் சனிக்கிழமை என் மகளின் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்து நான்கு பேர் அந்தப் படகுகளில் ஏறுகிறார்கள். தலைமையாசிரியையிடம் கெஞ்சினேன். தங்கள் துறையின் சான்றிதழைக் காட்டி, வீணாகப் பயப்படாதீர்கள் என்றார். என் மகளை மட்டும் அனுப்ப மாட்டேன் என்று வீட்டில் சொன்னேன். அவள், "அப்ப மத்தவங்க மட்டும் போகலாமாம்மா?" என்றாள்.

6. செவ்வாயும் புதனும் தங்கள் அலுவலக வாசலில் நின்றேன். மனு கொடுத்தால் பத்து நாளில் பார்க்கப்படும் என்கிறார் எழுத்தர். ஐயா, பத்து நாள் இல்லை, இரண்டே நாள்தான் இருக்கிறது. மூழ்கிய ஜாக்கெட்டை இத்துடன் வைத்துள்ளேன். ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். நான் பச்சை நூலால் தைத்த அத்தனையையும் பறிமுதல் செய்ய உத்தரவிடுங்கள். எனக்கு எந்தத் தண்டனை தந்தாலும் ஏற்கிறேன்.

யாரும் வராவிட்டால், சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கத்தரிக்கோலோடு படகுத்துறையில் நிற்பேன். பிள்ளைகள் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் கிழிப்பேன். போலீஸைக் கூப்பிடுவார்கள், கூப்பிடட்டும். அவர்களுக்கு முன்னால் தாங்கள் வந்துவிட வேண்டும் என்று மன்றாடுகிறேன்.

நாள்: வியாழன், காலை
இடம்: தங்கள் அலுவலக வாசல்

இப்படிக்கு,
(ஒப்பம்)
மெத்தையக்கா