பூஜையில் வைத்த லேத்

கன்னி மாதம் 21, திங்கள். அஷ்டமி

காலையிலிருந்து மழை. தொழிற்பள்ளிப் பட்டறையைக் கூட்டி, அரம், சுத்தியல் எல்லாம் துடைத்தாயிற்று. சாயங்காலம் பூஜைவைப்பு; வைத்தால் புதன் காலை வரை எதையும் தொடக்கூடாது. விஜயதசமியன்று புது லேத்தை ஓட்டிவைக்க இலாகா டைரக்டர் வருகிறார். அவர் நல்லபடி எழுதினால் சூப்பரின்டெண்டு வேலை எனக்கு ஸ்திரம். இல்லாவிட்டால் பழையபடி டிராயிங் மாஸ்டர்.

பூஜை முடிந்து பூட்டிய பிறகுதான் மேஸ்திரி ஞானமுத்து சொன்னார். பையன்கள் பக்தி முற்றி, புது லேத்தைக் குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் குளிப்பாட்டி, ஈரத்தோடு சந்தனம் அப்பியிருக்கிறார்கள். குத்துவிளக்கு என்று நினைப்பு. நான் அப்போது பழவங்காடிக் கடைத்தெருவில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். என் தலையெழுத்து.

செவ்வாய். நவமி

தூக்கமில்லை. மழையும் விடவில்லை. இந்த ஈரத்தில் இரும்பு என்ன ஆகும்? பயமாக இருக்கிறது.

வீட்டில் சொன்னேன். "பூஜையிலே வெச்சதை நாளைக் கார்த்தாலே வரைக்கும் தொடப்படாதுன்னா. உத்யோகம் போனாப் போறது" என்றாள். போனால் போகிறதாம்.

ஞானமுத்துவைத் தேடிப் போனேன். அவர் கிறிஸ்தவர், அவர் துடைத்தால் தோஷமில்லை என்று என் கணக்கு. நாசூக்காகத்தான் கேட்டேன்.

"பிள்ளைங்க வச்ச பூசையாக்கும் சார். நான் உள்ள கேறித் தொட்டா, நாளைக்கு எனக்க கிட்ட எவன் வேலை படிப்பான்?"

கோபம்கூட இல்லை அவருக்கு. எனக்குத்தான் வெட்கம்.

மத்தியானம் நானே திறந்தேன். மாலையை எடுத்தால், செம்மண் பூசினாற்போல் துரு. மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தேன். துரு போயிற்று, நல்லவேளை; கூடவே சந்தனமும். மறுபடி சந்தனம் வைக்கக் கை வரவில்லை. மாலையை மட்டும் போட்டுப் பூட்டினேன்.

புதன். விஜயதசமி

வெயில். டைரக்டர் ஜோடுகளைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். லேத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மற்ற யந்திரங்களில் எல்லாம் சந்தனம். "இதினு மாத்ரம் சந்தனம் இல்லல்லோ?" என்று மலையாளத்தில் கேட்டார்.

பையன்கள் விழித்தார்கள். வைத்தவர்கள் அவர்கள்தானே.

"அது மேஸ்திரி ஞானமுத்துவின் பொறுப்பிலுள்ள லேத்" என்றேன்.

பொய் இல்லை. அவர் பொறுப்புதான். கிறிஸ்தவப் பெயரைக் கேட்டதும் டைரக்டர் புரிந்ததுபோல் தலையசைத்தார். பையன்கள் எல்லோரும் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

லேத் நன்றாக ஓடியது. ஸ்திர உத்தரவு வந்துவிடுமாம். ஆபீசில் சொன்னார்கள்.

சாயங்காலம் ஞானமுத்து பட்டறையைப் பூட்டிவிட்டு வந்தார். தினமும் சாவியை என் கையில் தருவார். இன்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.