கட்டாமல் விட்ட கம்பு

1938 நவம்பர் 9, புதன்

நேற்றைய மழையில் காய்கறித் தோட்டத்து மரவேலி கிழக்குப் பக்கம் சாய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு ஆடுகள் புகுந்து கத்தரிச் செடியை மொட்டையாக்கிவிட்டன. அப்பா ஒவ்வொரு கம்பாக அசைத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் அடியில் கரையான். முட்டுக் கொடுத்துக் கட்டுவதா, பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக நடுவதா என்று அம்மாவைக் கேட்டார்.

பழையதே இருக்கட்டும். ஏன் என்று இங்கேகூட எழுதப் பயமாக இருக்கிறது.

நவம்பர் 10, வியாழன்

முட்டுக் கொடுத்தால் போதுமாம். அப்பா சொல்லிவிட்டார். இன்றைக்குத் தூங்குவேன்.

நவம்பர் 13, ஞாயிறு

ஆட்டுக்காகச் சமாதானம் சொல்ல வந்த பொன்னாத்தாள் அத்தை, எங்களுக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனாள்.

"வயசுக்கு வரப்போற புள்ளைய வெச்சுக்கிட்டு இடுப்பொசர வேலி எதுக்குங்க? ஆளொசரத்துக்குப் படல் கட்டி ஓலையப் போட்டு மூடுங்க."

அப்பா யோசிக்க ஆரம்பித்துவிட்டார். குமாரபாளையத்திலிருந்து அம்மாவோடு பிறந்த வேலுமணி மாமாவை மூங்கிலோடு வரச் சொல்லியிருக்கிறார்.

வரப்போற புள்ளை. ஐப்பசி பிறந்ததுமே வந்தாயிற்று. எழுதிவிட்டேன்.

பெரியப்பா மகள் ராமாயி அக்காவுக்கு, பெரியவளான அன்றே பள்ளிக்கூடம் நின்றது. தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டினார். அதில் உட்கார வைத்தார்கள். வெளியே வந்ததும் மாப்பிள்ளை. அவளுடைய சிலேட்டு இப்போது தண்ணீர்ப் பானைக்கு மூடி. எனக்குப் பங்குனியில் எட்டாம் வகுப்புப் பரீட்சை. அதுவரையாவது யாருக்கும் தெரியக்கூடாது.

கிழக்கு வேலியில் இரண்டு கம்பு எப்போதோ கழன்றது. அந்தச் சந்து வழியாகத்தான் வாய்க்காலில் இறங்கித் துணியை அலசி, ஆவாரஞ்செடிக்கு அடியில் உலர்த்தினேன். படல் வந்தால் அந்த வழி அடைந்துவிடும். முன்வாசல் வழியாக எதை எடுத்துக்கொண்டு போவேன்?

நவம்பர் 16, புதன்

மறுபடியும்.

அடுப்படிக்குப் போகாமலிருக்க என்ன சாக்குச் சொல்வது? போனேன். எங்கள் எருமைப் பாலைத் தொட்டேன். தீட்டோடு தொட்டால் கறக்கிற எருமைக்கே ஆகாதாம். சாயங்காலம் பால் திரிந்துவிட்டது. சட்டியைச் சரியாகக் கழுவவில்லை என்று அம்மா திட்டினாள். சட்டியா? நானா? மாரியாத்தா, என்னை வேண்டுமானால் என்னவும் செய். எருமையை ஒன்றும் செய்துவிடாதே.

நவம்பர் 19, சனி

பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் வாசலில் மாமாவின் வண்டி. வண்டி நிறையப் பச்சைத் தென்னோலை. தெரிந்துவிட்டது, எனக்குக் குடிசை கட்ட வந்துவிட்டார் — வேறொன்றும் தோன்றவில்லை. புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

"என்னம்மிணி, பேயக் கண்டாப்பல நிக்கற? வேலிக்குத்தான் சாமி. உனக்குக் கட்டற அன்னிக்கு இதவிட நல்ல ஓலையா கொண்டாறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து என் புத்தகத்தை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

நவம்பர் 20, ஞாயிறு

துணியைக் காணோம்.

ஆவாரஞ்செடிக்கு அடியில் இல்லை. வாய்க்காலிலும் இல்லை. அப்பாவும் மாமாவும் காலையிலிருந்து அங்கேதான் மூங்கில் பிளந்தார்கள். யார் எடுத்தது? நாய் இழுத்துப் போயிருக்குமா? கடவுளே, நாயாக இருக்கட்டும்.

நாளைக்குக் குழி தோண்டுகிறார்களாம்.

நவம்பர் 21, திங்கள்

குழி தோண்டவில்லை.

காலையில் அப்பா கடப்பாரையை எடுத்தபோது அம்மா களியுருண்டையை அவர் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏனுங்க, மூங்கிலும் ஓலையும் மாட்டுக் கொட்டாய்க்கு ஆவட்டும். அங்கதான் ஒழுகுது. வேலிக்குப் பழைய கம்பே போதும்."

"ஏம்புள்ள, பொன்னாத்தா சொன்னது காதுல உழுகலியா? இவ இன்னிக்கோ நாளைக்கோ..."

"அதெல்லாம் இப்ப ஒண்ணும் ஆவாது. பங்குனி போவட்டும், புதுசே கட்டலாம்."

மாமா அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஓலையைத் தூக்கிக்கொண்டு கொட்டாய்ப் பக்கம் போனார்.

பங்குனி என்றாளே. ஏன் பங்குனி?

சாயங்காலம் என் பெட்டியைத் திறந்தேன். அடியில் என் துணி, துவைத்து மடித்து. மேலே அம்மாவின் பழைய சேலையிலிருந்து கிழித்த இன்னும் நான்கு. பின்னாலேயே அம்மா வந்து நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"இனிமே அந்த மூணு நாளும் அடுப்பாண்ட வராத. பரீச்சைக்குப் படிக்கறான்னு சொல்லிக்கறேன்."

டிசம்பர் 4, ஞாயிறு

வேலி கட்டி முடிந்தது. மற்ற பக்கமெல்லாம் அப்பா. கிழக்குப் பக்கம் அம்மா தானே கட்டுவதாகச் சொல்லிக் கற்றாழை நாரை வாங்கிக்கொண்டாள். மிஞ்சிய ஓலை கொட்டாய் ஓரம் கிடந்து பழுப்பேறுகிறது.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் அம்மா நெடுநேரம் கன்னத்தில் போட்டுக்கொண்டே நின்றாள். எதற்கு இவ்வளவு என்று அப்பா கேட்டார். எருமைக்கு என்றாள்.

இன்று யாரும் இல்லாதபோது கிழக்கு வேலியில் அந்த இரண்டு கம்பையும் அசைத்துப் பார்த்தேன். மண்ணில் ஊன்றித்தான் இருந்தன. நார் சுற்றியிருந்தது, முடிச்சு இல்லை. கையோடு வந்தன.